ஷன் என்ற சொல்லும் உன் செவலை மாடும்

இன்று காலை ஃபோன் ஒரு வார்த்தை சொன்னது. அப்போது என் கையில் காப்பி டம்ளர் இருந்தது. வார்த்தை காதில் விழுந்ததும் உன் செவலை மாடு கண்முன் வந்து நின்றது. பின்னாலேயே நீயும் வந்தாய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாணிக் கூடையோடு.

ஃபோன் எப்படி வார்த்தை சொல்லும் என்று கேட்பாய். நீ போன பிறகு வந்த கூத்து இது. என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான் அல்லவா, அவன் பிள்ளைகள் இரண்டுக்கும் தமிழ் வராது. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் முகம் காட்டிக் கையை ஆட்டும். அதற்கப்புறம் அதுகள் என்னைப் பார்க்கும், நான் அதுகளைப் பார்ப்பேன். போன தடவை வந்தபோது, "நீங்க கொஞ்சம் இங்கிலீஷ் கத்துக்குங்களேம்மா, சும்மாதானே இருக்கீங்க" என்று சொல்லி ஃபோனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். தினம் ஒரு வார்த்தை. ஒரு பெண் குரல் சொல்லும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மணி அடிக்கும். சிரிக்காதே. இந்த வீட்டில் நாள் முழுக்க என்னோடு பேசுவது அவள் ஒருத்திதான்.

இன்றைக்கு வந்த வார்த்தை 'ஷன்'. தவிர்த்தல், விலகியிருத்தல் என்று பொருள் சொன்னாள். எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கும் இரண்டு வாக்கியம் சொன்னாள். ஒரு பெரிய நடிகர் கூட்டத்தை ஷன் செய்கிறாராம். யாரோ ஒருவனுடைய அண்ணன் இனிப்பை ஷன் செய்கிறானாம். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி போலிருக்கிறது. "இப்போது நீங்கள் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லுங்கள்" என்றாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, நாளை மீண்டும் முயலுங்கள் என்று சொல்லிப் போய்விட்டாள்.

எனக்கா அந்த வார்த்தை தெரியாது? ஆங்கிலத்தில் ஏ, பி, சி, டி தெரியாத காலத்திலேயே அது எனக்குத் தெரியும்.

நாம் இருவரும் ஒரே தை மாதத்தில் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். உன் வீட்டுக் கொல்லைக்கும் என் வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி. உன் வீட்டுக்காரர் பண்ணையில் காரியக்காரர், பண்ணையார் நிலம் முழுவதையும் மேற்பார்வை பார்ப்பவர். என் வீட்டுக்காரர் அதே பண்ணையில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர். வந்த புதிதில் சாயங்காலமானால் வேலி ஓரத்தில் நின்று பேசுவோம். உன் மாமியார் மூக்கை உறிஞ்சுவது போல் நீ உறிஞ்சிக் காட்டுவாய். சிரிப்பை அடக்கமாட்டாமல் நான் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன்.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாலுக்கா ஆபீசில் பதிந்து கொள்ளலாம், பதிந்துவிட்டால் நிலத்தை விட்டு யாரும் இறக்க முடியாது என்று புது ஆட்சி சொன்னது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். நம் ஊரில் மைக்கில் பேசியவர்களுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் தாலுக்கா ஆபீசுக்குப் போனது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் பண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். இவருக்கு வாய் கிடையாது, பிடிவாதம் உண்டு. "எங்க அப்பா உழுதது, நான் உழுவுறது. பேரு எழுதக் கூடாதா?" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். கேட்டதற்கு நான் பதில் சொல்லுமுன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆனி மாதம் தெரு கூடிக் கட்டு போட்டது. பதிந்ததை வாபஸ் வாங்குகிற வரைக்கும் இந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது, நெருப்பு தண்ணீர் கொடுக்கக் கூடாது, கடையில் சாமான் கிடையாது, வயலுக்கு ஆள் போகக் கூடாது. யாராவது மீறினால் அவர்கள் வீட்டுக்கும் இதே கட்டு.

முதல் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு வெண்ணாற்றுத் துறைக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். தலை நனையாதவள்கூட ஏறிவிட்டாள். அவ்வளவு பெரிய ஆற்றில் நான் மட்டும் நின்றேன். கடைக்குப் போனேன். கடைக்காரர் என் தலைக்கு மேலே சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, உப்பு" என்றேன். அவர் பல்லியைத்தான் பார்த்தார். ஒருத்தர் திட்டியிருந்தால் தேவலை. திட்டுவதற்காவது என் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நடுத்தெருவில் நின்று நான் இருக்கிறேனா என்று என் கையை நானே தொட்டுப் பார்த்தேனடி. இதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

கும்பகோணத்துக்குப் போய் வக்கீலைப் பிடித்து, ஊர் எங்களை ஒதுக்கி வைத்ததைப் பற்றித் தாசில்தாருக்கு மனு எழுதினோம். அவருடைய குமாஸ்தா ஆங்கிலத்தில் டைப் அடித்துவிட்டு எங்களுக்குப் படித்துக் காட்டினார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இதுல 'அவாய்ட்'னு போட்டிருந்தேன்மா. வக்கீலய்யா அதை அடிச்சிட்டு 'ஷன்'னு போடச் சொல்லிட்டாரு" என்றார்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வழியில சேறு கெடந்தா சுத்திக்கிட்டுப் போறோமில்லம்மா, அது அவாய்ட். எல்லாரும் பண்றதுதான். ஷன்ங்கறது வேற. அந்தப் பக்கமே போறதில்லன்னு மனசுல முடிவு பண்ணிக்கிட்டு, தெரிஞ்சே, தினமும் ஒதுங்கிப் போறது. இனிப்பு வேணாம்னு ஒதுக்குறதுக்கும் இதைச் சொல்லலாம், மனுசனை வேணாம்னு ஒதுக்குறதுக்கும் இதையே சொல்லலாம்."

"இனிப்புக்கு அது தெரியாதுங்களே" என்றேன். அவர் அடுத்த பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

மனு கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலை. கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. கட்டு போட்டதிலிருந்து நீயும் பேசவில்லை. காரியக்காரர் பெண்டாட்டி, எப்படிப் பேசுவாய்? உன்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அன்றைக்கு நீ உன் மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தாய்.

"ஏ செவல, நேத்து ராத்திரி யாரு வூட்டுலயோ அடுப்பு பொகையவே இல்ல போலருக்கே. வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டு பட்டினி கெடந்தா யாருக்குடி நட்டம்? ஊருக்கா நட்டம்? தின்னுட்டு அழுவுறதுக்கு என்ன கேடு?"

அது எனக்கான பேச்சு என்று புரிந்தது. ஜாடை பேச்சு நமக்குப் புதிதா என்ன? மாமியார் பூனையைத் திட்டினால் அது மருமகளுக்கு. ஓரகத்தி குழந்தையை அதட்டினால் அது பக்கத்து வீட்டுக்காரிக்கு. சண்டைக்குத்தான் எல்லோரும் ஜாடை பேசுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒருத்தி சோறு தின்னச் சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு அழுதேன். பிறகு எழுந்துபோய் உலை வைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் உன் மாடு அர்ச்சனை வாங்கியது. "ஏ செவல, நாளைக்கு வாய்க்கா முறைய மாத்துறாங்களாம். விடியறதுக்கு முன்னாடி மடையைத் தொறக்காதவ வயலுக்கு ஒரு சொட்டு தண்ணி வராதாம். நீ தூங்கு, உனக்கென்ன." என் வீட்டுக்காரர் விடியுமுன் போய் மடையைத் திறந்தார். "ஏ செவல, நாத்து முத்திப் போவுதுடி. உள்ளூர்ல ஆளு கெடைக்காதுன்னா பொறந்த ஊர்ல கெடைக்காதா? அண்ணன் தம்பின்னு எதுக்குப் பெத்துப் போட்டாங்க?" என் அண்ணன் வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஆள் கூட்டி வந்து நடவு முடிந்தது. பண்ணையாருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வீட்டுக்குள் யாரோ உளவு வைத்திருக்கிறார்கள் என்று உன் வீட்டுக்காரரிடமே சொன்னாராம். அதையும் நீ மாட்டிடம் சொல்லிச் சிரித்தாய்.

எனக்கும் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. எங்கள் கொல்லையில் முருங்கை மரம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். "ஏ முருங்க, முதுகு வலிக்குதுடி" என்பேன். "ஏ செவல, வெந்நீரு வச்சு ஒத்தடம் குடுத்தா போவுது, இதுக்குப் போயி மரத்துக்கிட்ட ஒப்பாரியா" என்பாய். கிளுவை அவ்வளவு அடர்த்தி. மாட்டுத் தலை நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு சந்து. மாதக்கணக்கில் உன் முகத்தை நான் பார்க்கவில்லை. உன் குரலும் மாட்டின் மூக்கும்தான் எனக்குக் கிடைத்தது.

ஏழாம் மாதம் வந்தது. முதல் பிள்ளை, வளைகாப்பு போட வேண்டும். ஊரே வராதபோது யார் வந்து வளையல் அடுக்குவது? அம்மா ஆள் அனுப்பினாள், கிளம்பி வந்துவிடு, இங்கேயே போட்டு இங்கேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று. எனக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. பெட்டியில் புடவையை எடுத்து வைத்தேன். நீ எப்படி மோப்பம் பிடித்தாயோ தெரியாது.

"ஏ செவல, பொறந்த வூட்டுக்குப் போறவ போவட்டும். யாரு வேணாம்னா? ஆனா அந்த மனுசன் இந்த வூட்டுல ஒத்தையா கெடந்து எத்தனை நாளைக்குத் தாங்குவாரு? ஒரு நாளு போயி கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கிட்டு வந்துடுவாரு. அப்புறம் நெலமும் இல்ல, பட்ட பாட்டுக்கு அர்த்தமும் இல்ல."

நான் பெட்டியை மூடவில்லை. திண்டாட்டமாக இருந்தது. மத்தியானம் கொல்லைக்கு வந்தபோது வேலிச் சந்தில் செவலை தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் இரண்டு கொம்பிலும் கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்புமாக, கொம்பு நிறைய. மாடு தலையை ஆட்டும்போதெல்லாம் கலகலவென்று சத்தம். அந்தப் பக்கம் நீ தொண்டையைக் கனைத்தாய்.

"ஏ செவல, கொம்புல கெடக்குறத எவளாச்சும் கழட்டிக்கிட்டா நான் என்னடி பண்ணுவேன்? திருட்டுக் குடுத்தேன்னு நினைச்சுக்குறேன். ஆனா எடுக்கறவ வலது கையிலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு."

ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டேன். மாடு அசையாமல் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் நீ மெல்ல ஒரு பாட்டை முணுமுணுத்தாய், பாதியில் நிறுத்திவிட்டாய். பெட்டியிலிருந்த புடவையை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டேன். இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து முகம் காட்டுகிறானே, அவனுக்கு வளைகாப்பு போட்டது உன் மாடு.

கார்த்திகையில் தாசில்தார் விசாரணைக்கு வந்தார். மனுவில் இருப்பது உண்மையா என்று தெருவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டு என்று ஒன்று இல்லை என்று ஆகிவிட்டால் நாங்கள் பொய் மனு போட்டவர்கள், பதிவும் கேள்விக்குறிதான். கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வரிசையாக வந்து எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். "நாங்க அண்ணன் தம்பியா பழகிக்கிட்டுத்தான் சார் இருக்கோம்." கடைக்காரரும் அதையே சொன்னார், வார்த்தை மாறாமல். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதாலோ என்னவோ தாசில்தார் எழுந்து, வாய்க்காலைப் பார்க்க வேண்டும் என்று கொல்லைப்புறமாக நடந்தார். கூடவே உன் வீட்டுக்காரர். நீ கொட்டகையில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். நான் என் முருங்கையடியில் நின்றேன், வேலிச் சந்து வழியாகத் தெரிந்தது.

"ஏம்மா, பக்கத்து வீட்டு அம்மாவோட உங்களுக்குப் பேச்சுவார்த்தை உண்டா?" என்று தாசில்தார் கேட்டார்.

நீ உன் வீட்டுக்காரரைப் பார்த்தாய். அவர் தரையைப் பார்த்தார். பேசுகிறேன் என்றால் நாங்கள் தொலைந்தோம். பேசவில்லை என்றால் நீ தொலைந்தாய். நீ வைக்கோல் திரியை எடுத்து மாட்டின் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாய்.

"ஏ செவல, சார் கேக்குறாரு பாரு, அந்த வூட்டுக்காரியோட பேசுறியான்னு. நீ பேசலாம்டி, நீ மாடு, உன்னைய எவன் கேப்பான்? நான் பேசுனா எங்க வூட்டுக்கும் நெருப்பு தண்ணி கெடையாதுன்னு தெருவே கூடிச் சொல்லியிருக்குல்ல. அதான் நான் உன்னோட பேசிக்கிட்டுக் கெடக்குறேன். ஆனி மாசத்துலேர்ந்து உன்னோட மட்டுந்தான்."

தாசில்தார் உன்னைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், சந்து வழியாக என்னையும் பார்த்திருப்பார். பிறகு அந்த மனிதர் மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அதனிடம் கேட்டார். "ஏன் செவலை, தெருவுல வேற யாருமே அந்தம்மாவோட பேசறதில்லையா?"

"யாருமே இல்லன்னு சொல்லுடி" என்றாய் நீ.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜீப்புக்குப் போனார். பதிவு நிலைத்தது. வயல் எங்களிடமே இருந்தது.

உன் வீட்டுக்காரர் உன்னை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வாரமே மாட்டை அவிழ்த்துச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அது போகும்போது கத்தியது எங்கள் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது. அன்று முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அரைக்கிற சத்தம் கேட்டது. கூடவே உன் குரலும்.

"ஏ அம்மிக்கல்லு, உன்னைய எவனாலயும் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போவ முடியாதுல்ல."

கட்டை யாரும் அவிழ்க்கவில்லை. அது தானாக இற்றுப் போனது. ஒரு நாள் துறையில் ஒருத்தி, "மழை வரும் போலருக்கு" என்றாள், யாரைப் பார்த்து என்று தெரியாமல். இன்னொரு நாள் கடைக்காரர், "உப்பா?" என்று அவராகவே கேட்டார். வெட்கமே இல்லாத ஜனம். நானும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன், வேறு என்ன செய்ய? ஆனால் நீயும் நானும் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்று ஆன பிறகும் நமக்கு வாய் வரவில்லை. அம்மி, உலக்கை, அப்புறம் நீ வாங்கிய புது மாடு என்று எதையாவது நடுவில் வைத்துக்கொண்டால்தான் பேச்சே கிளம்பும். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக உன்னைப் பட்டுக்கோட்டையில் உன் மகள் வீட்டில் பார்த்தேன். சுற்றிலும் தென்னை. பக்கவாதம் வந்து வாய் இழுத்துக்கொண்டு படுத்திருந்தாய். வைத்த கண் எடுக்காமல் என்னைப் பார்த்தாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்க வந்தவளுக்கு நேராக உன்னிடம் கேட்கத் தெரியவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு சொம்பு இருந்தது.

"ஏ சொம்பு, ஒரு தெருவே கூடி இவ வாயை அடைக்க முடியல. இப்ப என்னாச்சாம் இவளுக்கு?"

உன் வாயின் ஒரு பக்கம் மேலே ஏறியது. மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து ஏதோ சொன்னாய். வார்த்தை குழறியது, எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லு என்று உன்னைக் கஷ்டப்படுத்தவும் மனம் வரவில்லை. அதுதான் நீ கடைசியாகப் பேசியது. என்ன சொன்னாய் என்று இப்போதும் சில நாள் யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

இப்போது நான் இருப்பது தஞ்சாவூரில், யாருடைய வயலாகவோ இருந்த இடத்தில் எழுப்பிய ஒரு அடுக்குமாடி வீட்டில். என் வீட்டுக்காரரும் போய்விட்டார். நிலம் இருக்கிறது, வேறு யாரோ பயிர் செய்கிறார்கள். இங்கே எல்லோரும் நல்லவர்கள். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார்கள். அதற்குள் அவரவர் மாடி வந்துவிடும். இவர்கள் யாரும் என்னை ஷன் செய்யவில்லை. அதற்கு என்னைத் தெரிந்திருக்க வேண்டுமே. கட்டு போட்ட அந்த ஆனி மாதத்திலும் நான் இவ்வளவு தனியாக இல்லையடி. ஊரே விலகிய நாளில் எனக்கு நீ இருந்தாய். யாரும் விலகாத இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை.

நாளைக் காலையில் ஃபோனில் அவள் மறுபடி வந்து சொந்த வாக்கியம் கேட்பாள். இனிப்பு, கூட்டம் எல்லாம் சொல்லப் போவதில்லை. ஊர் என்னை ஷன் செய்தது, இவள் செய்யவில்லை என்று சொல்லப் போகிறேன். இவள் யார் என்று அவளுக்குத் தெரியாது. மணி அடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி.

இதை உனக்கு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. உன்னோடு நேராகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. நான் இந்தக் காகிதத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஏ காகிதம், இன்னிக்கும் ஒருத்தரும் எங்கிட்ட பேசலடி. அடுப்பு மட்டும் பத்த வச்சுட்டேன், சோறு தின்னுட்டேன். அந்தப் பக்கம் யாராச்சும் இருந்தா காதுல விழட்டும்.